கேகல் கையில் இருந்த நலன்

கூரை வேலை செய்யும் வெர்லின் ஸ்ட்ரௌடுக்கு வாய் பேசும் முன்னே கை பேசிவிடும். டெக்சாஸில் தன் ஊர் மதுக்கடையில் ஒருத்தன் மூக்கை உடைத்துத்தான் மாவட்டச் சிறைக்குப் போனான். சிறைக்கடையில் வாங்கிய நூடுல்ஸை அங்கே இன்னொருத்தன் பிடுங்கினான். பிடுங்கினவன் மண்டையைப் பிடித்துக் கம்பியில் மோதினான் வெர்லின். காவலாளி கேகல் புதுத் தடியோடு ஓடிவந்தான்.

"என்னடா, உனக்கும் கொஞ்சம் நலன் வேணுமா?"

அந்தத் தடிக்குக் காவலாளிகள் வைத்திருந்த பெயர் அது. ஏன் என்று கேட்க வெர்லினுக்கு வாய் மிஞ்சவில்லை. முன்பற்கள் ரத்தத்தோடு தரையில் கிடந்தன.

விடுதலையான பிறகு, சிறைக்கூரை ஒழுகலை அடைக்கும் வேலை கேட்டு மாவட்ட சபைக் கூட்டத்துக்குப் போனான். அங்கே உறுப்பினர் ஒடெட் ப்ரூயிட், சிறையை நடத்தும் ஷெரீப்பைக் குடைந்துகொண்டிருந்தார்.

"கைதிங்க கடை லாபம் கைதிங்களுக்கே செலவாகணும். செலவுக் கணக்குல 'கைதிகள் நலப் பொருட்கள்'னு போட்டிருக்கீங்களே, அது என்னய்யா?"

"அவங்களுக்குப் பயன்படுற சாமான்தாம்மா," என்றார் ஷெரீப் சாவகாசமாக.

தடி எந்தக் காசில் வந்தது, அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று வெர்லினுக்கு அப்போதுதான் உறைத்தது. முஷ்டி தானாக இறுகியது. ஷெரீப்பின் தாடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் தன் பொய்ப்பற்களைக் கழற்றி ஒடெட்டின் மேசையில் வைத்தான்.

"ஷெரீப் பொய் சொல்லலம்மா," என்றான் பொக்கை வாயால். "நல்லாவே பயன்படுத்துனாங்க. என் நூடுல்ஸ் காசுல வாங்குன தடி அது. எனக்குச் சேரவேண்டியது, குடுக்கச் சொல்லுங்க. கேகல் வீடு எனக்குத் தெரியும்."