வள்ளத்தில் போய் ஏறும் விமானம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சண்டை மும்முரமாக நடந்த காலத்தில், நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னார், புத்தளம், திருகோணமலை என்று எந்த ஊரிலும் நிலைத்து இருந்ததில்லை. அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்கும் வேலை. லொட்ஜில் மற்ற எல்லோரும் வெளிநாடு போக ஏஜென்சிக்காரனின் அழைப்புக்குக் காத்திருந்தவர்கள். போக வழியில்லாமல் அங்கே கிடந்தவன் நான் மட்டும்தான்.

அதனாலோ என்னவோ, விமானப் படம் போட்ட பழைய தபாலட்டைகளைச் சேர்க்கத் தொடங்கினேன். டிக்கெட் கொடுத்துச் சனங்களை முதன்முதலில் ஏற்றிப் பறந்த காலத்து விமானங்கள். இரண்டடுக்குச் சிறகு, உள்ளே பிரம்பு நாற்காலி, ஏணிப்படியில் தொப்பி போட்ட பெண்கள். கிராண்ட்பாசில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, நாட்டை விட்டுப்போன பறங்கிக் குடும்பங்களின் அல்பங்களில் இருந்து கழற்றி எனக்கென்று எடுத்துவைப்பார். அச்சடித்த அட்டை பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அசல் புகைப்பட அட்டையில் புள்ளியே இராது. கயிற்றின் முறுக்குவரை தெரியும். நான் அசல்களை மட்டுமே வாங்குவேன்.

ஒருமுறை லொட்ஜிலிருந்து வெளிநாடு புறப்பட்ட பருத்தித்துறைப் பெடியன் ஒருவன் பகிடியாக ஓர் அட்டையைக் கேட்டு வாங்கிப் போனான். இரண்டு மாதம் கழித்து ஜேர்மனியிலிருந்து அதே அட்டை தபாலில் வந்தது. பெயர் இல்லை. 'சரியான குளிர்' என்று மட்டும் எழுதியிருந்தான். அதன்பிறகு போகிற எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டார்கள். கள்ளப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கையில் தமிழ் எழுதிய துண்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. வெற்று விமானப் படத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? லொட்ஜ் விலாசத்தைப் பாடமாக்கிக்கொண்டு போவார்கள். அட்டை திரும்பி வந்தால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. மனேச்சர் அதைக் கலண்டர் ஆணியில் குத்திவைப்பார். என்னிடம் இரண்டாக இருக்கும் அட்டைகளை மட்டும்தான் நான் கொடுப்பேன்.

பக்கத்து அறையில் நெடுந்தீவு அக்கா ஒருவர் ஐந்து மாதமாகக் காத்திருந்தார். ஒரே மகன் பிரான்சில். அவனிடம் போக வேண்டும், ஆனால் பறக்கப் பயம். ஒருநாள் எனக்குப் புட்டுக் கொண்டுவந்தவர், கட்டிலில் பரப்பியிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உதுகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக் கிடக்கு, தம்பி."

ஓர் அட்டையில் கை நின்றது. தண்ணீரில் மிதக்கும் விமானம். பயணிகள் சின்ன வள்ளத்தில் போய் அதில் ஏறுகிறார்கள். ஒரு பெண்ணின் ஒரு கால் வள்ளத்தில், மற்றக் கால் தூக்கியபடி.

"இஞ்சை பார், எங்கடை துறையிலை லோஞ்சிலை ஏறுற மாதிரியே ஏறுதுகள்! இதெண்டால் நான் பயமில்லாமல் ஏறுவன்."

"இப்ப உப்பிடிப் பிளேன் இல்லை அக்கா. இது அந்தக் காலத்துச் சாமான்."

"இல்லாட்டில் என்ன? இதிலை ஏறுறன் எண்டு நினைச்சுக்கொண்டு மற்றதிலை ஏறுறன். தாவன் எனக்கு."

"அது ஒண்டுதான் கிடக்கு. தரேலாது."

"திருப்பி அனுப்புவன்தானே?"

"வழியிலை துலைஞ்சால்?"

அவர் சிரித்தார். "நான் துலைஞ்சால் என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அட்டை துலைஞ்சால்தான் கவலை!"

நான் நீட்டிய வேறோர் அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒருநாள் காலையில், அன்று பின்னேரம் பயணம் என்று அவருக்குச் செய்தி வந்தது. நான் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். அந்தத் தண்ணீர் விமான அட்டை பொலித்தீன் உறையில் என் சட்டைப்பையில் இருந்தது. மத்தியானம் கிராண்ட்பாசுக்குப் போய், இதேபோல் இன்னொன்று கிடைக்குமா என்று நானாவிடம் கேட்டேன்.

"இல்ல தம்பி, ஒண்டுதான். வூட்டுக்காரங்க ஆஸ்திரேலியா போகக்கொள்ள எல்லாத்தையும் சாக்குல போட்டுத் தந்துட்டுத்தான் போன. போறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. போகிறவர்களில் ஒருவர் இதைக் கேட்டிருந்தார். வேலைக்குத் திரும்பாமல் வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த ஊரான யாழ்ப்பாணத்து விலாசம். ஓரமாக நிற்கச் சொன்னார்கள். சட்டைப்பையைத் தடவிய சிப்பாய் அட்டையை எடுத்து, இது என்ன தம்பி என்று சிங்களத்தில் கேட்டான். தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். விமானம் தண்ணீரில் மிதப்பதை நம்பாமல் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். நாலு கை மாறியது, சிரித்தார்கள். ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அட்டையைக் கவனமாக உறையில் போட்டே திருப்பித் தந்தார்கள். ஆனால் ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

லொட்ஜுக்கு ஓடினேன். ஏஜென்சிக்காரனின் வான் அக்காவை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. மனேச்சர் என்னிடம் ஓர் அட்டையை நீட்டினார். நான் அக்காவுக்குக் கொடுத்த அதே அட்டை.

"உன்னட்டைக் குடுக்கச் சொன்னவ. 'தம்பிக்கு உதுகள் எண்டால் உயிர். நான் எங்கையும் துலைச்சுப்போடுவன், அவனட்டையே இருக்கட்டும்' எண்டு சொல்லிப்போட்டுப் போறா."

ஏஜென்சிக்காரனைக் கேட்டால், எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் சொன்னான். கொஞ்ச நாளில் அவனுடைய தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மகனின் இலக்கம் எங்கள் யாரிடமும் இல்லை. தபால்காரர் வரும் நேரங்களில் நான் கலண்டர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலாசம் தெரியும்தானே, வேறு ஏதாவது கடதாசியிலாவது எழுதுவார் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போய், மேலே விமானம் போனால் அது சிறுத்து மறையும்வரை நிற்பேன். அடுத்த வருடம் லொட்ஜை விட்டுப் போனபோதும், போன ஊர்களிலிருந்தெல்லாம் மனேச்சருக்கு என் விலாசத்தை எழுதிப்போட்டேன்.

மற்ற அட்டைகளையெல்லாம், ஒற்றையா இரட்டையா என்று பார்க்காமல், கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இந்தத் தண்ணீர் விமான அட்டை ஒன்றுதான் மிச்சம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வள்ளக் கயிற்றின் முறுக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் மறுபக்கம் திரும்பியிருக்கிறது. தூக்கிய கால் இன்னும் தூக்கியபடியே நிற்கிறது.

இந்த அட்டை அக்காவை எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது என்பது எனக்குத் தெரியும்; ஆனால் இதைக் கொடுத்திருந்தால் அவர் பயமில்லாமல் ஏறியிருப்பார், அந்த அளவையாவது கொடுக்க அன்று என் கையில் இது இருந்தது.