வாய்க்காலை மூடச் சம்மதம் சொன்ன கோவிந்தன்

பஞ்சாயத்துத் தலைவர் வேலைன்னா, ஊர்ல நடந்ததுக்கு மட்டும் இல்ல, நடக்காததுக்கும் நாமதான் பதில் சொல்லணும். நெல்லு போட்டுக்கினு இருந்த என்னை ஊரே சேர்ந்து நிக்க வச்சுது, ஜெயிச்சும் தொலைச்சேன். பதவின்னு ஒண்ணுல உக்காந்து பட்டவங்க யாராவது இருந்தா, உங்களுக்கு இது புரியும்.

எங்க ஊரு கும்மிடிப்பூண்டி கம்பெனிங்களுக்கு மேற்கே. ஏரிக்குத் தண்ணி கொண்டுவர்ற வாய்க்கால் ஒண்ணுதான் எங்க நெல்லுக்கு உசுரு. அதை மூடி ரோடு போட ஒரு கம்பெனி கேட்டுக்கினே இருந்துச்சு. நான் இருக்கிற வரைக்கும் நடக்காதுன்னு சொல்லித்தான் ஓட்டு வாங்கினேன்.

கத்தாத தவளை

ஜெயிச்ச வருஷம் ஐப்பசியில மூணு நாள் விடாத மழை. மழை விட்ட சாயங்காலம் எங்க ஏரிக்கரையில நின்னா, தவளைச் சத்தத்துல பக்கத்து ஆள் பேசறது காதுல விழாது. அன்னிக்கு ஒரு தவளைகூட வாயைத் தொறக்கல. தண்ணி இருந்துச்சு, புல்லு இருந்துச்சு, பூச்சி இருந்துச்சு. சத்தம் மட்டும் இல்ல.

ஒவ்வொருத்தரா வந்து கரை பூரா ஆளுங்க நின்னுட்டாங்க. கம்பெனிப் பக்கம் ஏதோ மிஷின் முனகிக்கினே இருந்துச்சு. கடைசியில என் பக்கத்து வயக்காரன் கோவிந்தன் மெதுவா சொன்னான்: "போன தலைவரு எவ்ளோ காசு அடிச்சாரோ தெரியாது. ஆனா தவளை கத்துச்சு தலைவரே."

பதினோராவது படி

கார்த்திகையில கோவிந்தன் நெஞ்சு வலியில போய்ட்டான். காரியம் முடிஞ்ச வாரம், கம்பெனி ஆளுன்னு ஒருத்தர் ஊட்டுக்கு வந்தாரு. வெள்ளைச் சட்டை, அதட்டாத குரல். வாய்க்காலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எங்க அப்பா பேரு சொன்னாரு, நான் எந்த வருஷம் எந்த நெல்லு போட்டேன்னு சொன்னாரு. திண்ணையை விட்டு எழுந்து செருப்பு மாட்டும்போது, "உங்க கெணத்துல பதினோராவது படி ஒடஞ்சிருக்கு, பாத்து எறங்குங்க"ன்னுட்டுப் போய்ட்டாரு.

என் கெணத்துல ஏழாவது படிக்குக் கீழ நானே பாத்ததில்ல. எந்தக் கோடையிலயும் தண்ணி மூடியே இருக்கும். முந்தின நாள் காலையிலகூட அப்படித்தான் இருந்துச்சு. ஊட்டுக்குப் பின்னாடி போய் எட்டிப் பாத்தேன். எட்டு, ஒம்போது, பத்து, எல்லாம் பாசி புடிச்சு வெளிய நிக்குது. பதினோராவது பாதி இல்ல. பின்னாடியே வந்த என் சம்சாரம் ரொம்ப நேரம் கெணத்தையே பாத்துட்டுக் கேட்டா: "அந்தாளு வாசப்படியத் தாண்டவே இல்லியே?"

மாசி மாசக் கூட்டம்

கிராம சபைன்னா எங்க ஊர்ல முதல்ல நோட்டுல கையெழுத்து, அப்புறம் டீ, அப்புறம் வயலுக்கு ஓட்டம். தீர்மானத்தை கிளார்க் சேகரு பின்னாடி எழுதிக்குவாரு. அந்த வருஷம், ஐப்பசி மழைக்கு முன்னாடி, காந்தி ஜெயந்திக் கூட்டத்துல, "இன்னொரு பக்கத்துலயும் போட்டு வைங்க, ஒதவும்"னாரு. வெறும் பக்கம். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்.

பங்குனியில ஒரு காலை, வாய்க்கால்ல ஜேசிபி நிக்குது. மறிச்சுக் கேட்டா, சூப்பர்வைசர் ஒரு ஜெராக்ஸ் நீட்டினாரு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மாசியில சிறப்புக் கூட்டம் நடந்துச்சாம். வாய்க்கால் வேணாம்னு ஊரே ஏகமனதா சொல்லிச்சாம். கீழ என் கையெழுத்து. என் கைதான், பேச்சு என்னுது இல்ல. அதுக்கும் கீழ, கோணலா, கோவிந்தன்.

கார்த்திகையில பொதைச்ச ஆளு மாசியில வந்து சம்மதம் சொல்லியிருக்கான்.

அவன் சம்சாரம் முனியம்மாவைக் கூட்டிக்கினு பி.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். இறப்புச் சான்றிதழை முனியம்மா மேசை மேல வச்சுது. அதிகாரி ரெண்டு தேதியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, தீர்மானம் செல்லாதுன்னு எழுதினாரு. ஜேசிபி திரும்பிப் போச்சு. முனியம்மா அந்த ஜெராக்ஸைக் கேட்டு வாங்கி, கையெழுத்தைத் தடவிப் பாத்துட்டு என்கிட்ட சொல்லுச்சு: "சாவுற அன்னிக்கு என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உன் கூட்டத்துக்கு மட்டும் எழுந்து வந்துக்கீறாரு பாரு நைனா."

வயல்ல ஒரு ஜாண் எடத்தைச் சும்மா விடாத நான் நோட்டுல ஒரு முழுப் பக்கத்தை வெறும் கையெழுத்தோட வுட்டுட்டு வந்தேன், அதைச் சரி பண்ண ஒரு செத்த மனுஷன் வர வேண்டியிருந்துச்சு, அவ்ளோதான் என் அரசியல்.