பேட்டரிக்குப் பாதி வயிறு

டிரோன் ஓட்டுகிறவள் என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். உண்மையில் என் வேலையில் முக்கால்வாசி, வரப்பில் உட்கார்ந்து பேட்டரி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

செல்போனில் சிவப்புக் கோடு தெரிந்ததும் நெஞ்சு பதைக்கிறவர்கள், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டுச் சார்ஜ் போட இடம் தேடி அலைகிறவர்கள், மழைக்காலத்தில் இன்வெர்ட்டர் காலை வாரிவிட்ட குடும்பத்தார் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். ஒரே வித்தியாசம், உங்கள் துன்பம் சட்டைப்பையில் அடங்கும். என்னுடையதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.

தேரூர்ப் பக்கம் எங்கள் மகளிர் சங்கத்துக்கு வயலில் மருந்து தெளிக்கிற டிரோன் ஒன்று கிடைத்தது. கூடவே நாலு பேட்டரி. பயிற்சிக்குப் போக யார் தயார் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து நான்தான் பைலட்.

கல்யாணமான நாள்முதல் ஊருக்கு நான் ‘ஞானதாசுக்க பெஞ்சாதி’. இப்போது வயக்காட்டில் நிற்கிற ஆண்கள் “கிறிஸ்டல் வந்தாச்சா?” என்று என் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, மறைப்பானேன்? ஆனால் சங்கத்தில் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒரு பேட்டரியின் விலையைச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தையே மூடிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. புதிதாக வாங்க வழியில்லை. கும்பப்பூ, அதாவது மாசியில் அறுக்கிற இரண்டாம் போகம், முடியும்வரை பேட்டரி தாங்கினால் டிரோன் எங்களிடம் இருக்கும். தாங்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். டிரோன் போனால் என் பெயரும் அதோடு போய்விடும்.

பத்தியம்

பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். “பேட்டரிக்கு ஆயுசு எத்தனை வருஷம்?” என்று கேட்டேன். வருஷக் கணக்கு கிடையாது, எத்தனை தடவை ஏற்றி இறக்குகிறோமோ அதுதான் கணக்கு, ஒழுங்காக வைத்துக்கொண்டால் சில நூறு தடவை வரும் என்றார். ஒழுங்கு என்றால் என்ன என்று கேட்டேன். அங்கேதான் வினை பிடித்தது.

வெயிலில் வைக்கக் கூடாது. கடுங்குளிரிலும் கூடாது. ஈரம் படக் கூடாது. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. ஒட்ட இறங்கும்வரை பறக்கவும் கூடாது. வேலையில்லாத நாட்களில் வயிறு முட்ட நிறைத்து வைக்கக் கூடாது. அதற்காகக் காலியாகவும் விடக் கூடாது. பாதியோ பாதிக்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். கீழே போட்டுவிடக் கூடாது. வீங்கிவிட்டால் பக்கத்திலேயே போகக் கூடாது. அவர் சொல்லி முடித்துத் தண்ணீர் குடித்தார்.

என் பக்கத்தில் சங்கத்துச் செயலாளர் தங்கலீலா அக்கா உட்கார்ந்திருந்தார். நாலு பிள்ளை பெற்றவர். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற ஓய்வுநாள் பாடசாலையில் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து மேய்க்கிறவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் காதோடு சொன்னார்: “பெத்துக் கெடக்கியவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் கெடையாது மக்கா.”

காளைக்குக் கிடைக்காத சுகம்

ஆறுமுகம் அண்ணாச்சிதான் எங்கள் முதல் வாடிக்கைக்காரர். தலையில் துவர்த்துத் துண்டும் முகத்தில் அவசரமுமாக வரப்பில் நிற்பார். பேட்டரிகளை ஒன்று மாற்றி ஒன்று போட்டாலும் உச்சி வெயில் ஏறிவிட்டால் நாலும் ஒன்றாகச் சூடாகிவிடும். தென்னை நிழலில் பலகை போட்டு வரிசையாக வைத்துவிட்டு நானும் நிழலில் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் சார்ஜ் போடுகிற ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் ஓட, பேட்டரி சும்மா கிடக்க, நானும் சும்மா கிடப்பதை அண்ணாச்சியால் தாங்க முடியாது.

“சூட்டோட சூடா ஏத்தி விடேன் பிள்ளே” என்றார். காய்ச்சலில் கிடக்கிறவனுக்குப் பிரியாணி ஊட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும், இன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆயுசு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும் என்றேன். அவர் குனிந்து, பிள்ளைக்கு நெற்றி பார்ப்பதுபோல் புறங்கையால் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்: “பறக்க பத்து நிமிசம், ஆற அரமணிக்கூர். எனக்க காளைக்கு நான் இந்தச் சொகம் குடுத்திருந்தா, அது இப்பவும் உயிரோட நின்னிருக்கும்.”

சாளையும் பேட்டரியும்

என் கணவர் ஞானதாஸ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்து வந்தவர். உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறுக்கும் குளிர்தான் மருந்து என்பது அவர் கட்சி. ஒருநாள் நான் சூடான பேட்டரி இரண்டை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவற்றைக் காணவில்லை. தேடிக் கண்டுபிடித்தபோது ஃப்ரிட்ஜில், மசாலா தேய்த்து வைத்த சாளை மீனுக்குப் பக்கத்தில், சமாதானமாக இருந்தன.

வெளியே எடுத்ததும் இரண்டுக்கும் வேர்த்துக் கொட்டியது. மின்சாரம் ஏறுகிற முனையெல்லாம் ஈரம். சார்ஜரில் வைத்தால் சிவப்பு விளக்கு எரிந்து, மாட்டவே மாட்டேன் என்றது. மறுநாள்வரை துடைத்துத் துடைத்துக் காற்றாடிக்குக் கீழே உலர்த்திப் பிழைக்கவைத்தேன். வயலுக்குக் கொண்டுபோனபோது எங்கிருந்தோ ஒரு பூனை வந்து பேட்டரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போகவே மாட்டேன் என்றது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் அசையவில்லை: “இஞ்ச உள்ள பேட்டரிக்குக் குளுரு பழக்கமில்ல, அதாக்கும் காரியம். மஸ்கட்டுல உள்ளதுன்னா ஜம்முன்னு இருந்திருக்கும்.”

தோவாளைக் காற்று

தோவாளையில் ஒரு வாத்தியார் வயலுக்குப் போனோம். அங்கே காற்று கிளம்புவதற்கு முன்பே, விடிந்தும் விடியாமலும் வேலையை முடித்துவிட வேண்டும். வாத்தியார் காப்பி குடித்து, பேப்பர் படித்து, ஆடி அசைந்து வந்து சேர்ந்தபோது தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு நடை சும்மா பறக்கவிட்டுப் பார்த்தேன். போகும்போது காற்றோடு ஜோராகப் போன டிரோன், திரும்பும்போது காற்றை எதிர்த்து முக்கி முனகி வந்தது. பேட்டரி கண்ணுக்கு முன்னால் இறங்கியது. மருந்தும் இவர் வயலில் விழாமல் அடுத்தவர் வயலில்தான் விழும், நாளைக்குக் காலையில் வருகிறேன் என்று சொல்லி இறக்கிவிட்டேன். வாத்தியார் காற்றாலையைப் பார்த்தார், டிரோனைப் பார்த்தார்: “அவன் காத்த வச்சு கரண்டு எடுக்கான். நீ கரண்ட வச்சு காத்தோட மல்லுக்கு நிக்க. ரெண்டுபேரும் பேசித் தீத்துக்கிடப்படாதா?”

வெறுமையாகத் திரும்பாத பாத்திரம்

கன்னிப்பூ என்கிற முதல் போகம் அறுத்து முடிந்து, அடுத்த பயிர் தலையெடுக்கிறவரை எங்களுக்கு வேலை கிடையாது. மழை வேறு. எங்கள் வீட்டு ஓடு ஒழுகும் என்பதால் பேட்டரிகளைத் தங்கலீலா அக்காவின் மாடி வீட்டில் வைப்பது என்று முடிவானது. நாலையும் பாதி சார்ஜில் கொண்டுபோய் வைத்தேன். சார்ஜரையும் அங்கேயே வைத்தேன், அதுதான் வினை. “இப்படியே இருக்கட்டும் அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். மீன்கறி வந்த கிண்ணம் நாலு பழமாவது ஏந்திக்கொண்டுதான் திரும்பிப் போகும். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கை சீனி. அக்கா இந்த விஷயத்தில் மகா கறார். தன் பொறுப்பில் வந்த நாலு பேட்டரியும் பாதி காலியாக இருப்பதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே நிறைத்துவிட்டார். பயிற்சி வகுப்பில் ‘பாதி’ என்று காதால் கேட்டவர்தான். அது கரண்டு பில்லுக்குப் பயந்தவர்கள் பேச்சு என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு கொஞ்சம் இறங்கினால் கொஞ்சம், இன்னும் இறங்கினால் இன்னும் கொஞ்சம் என்று மழைக்காலம் முழுக்க விருந்து நடந்திருக்கிறது.

நான் எடுக்கப் போனபோது நாலும் பீரோ மேல் வெள்ளைத் துணி போர்த்தி இருந்தன. அக்கா துணியை விலக்கினார். இரண்டு சரியாக இருந்தன. மற்ற இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. உப்பினதில் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கும். வீட்டுக்குள் வைத்திருப்பதே ஆபத்து. மெதுவாகத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் மணல் வாளியில் வைத்தேன். அறுவடை எங்கேயோ இருக்கிறது, பாதிப் பலம் இங்கேயே போய்விட்டது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிற ஒரு மனுஷியிடம் என்னவென்று கோபப்படுவது? விஷயத்தைச் சொன்னேன். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெல்லக் கேட்டார்: “அர வயிறாட்டு ஒரு பொருளத் திருப்பித் தந்தா, என்னிய யாரு மக்கா மனுசின்னு சொல்லுவா?”

எழுபது வயசுப் பேட்டரி

மிஞ்சின இரண்டு பேட்டரியும் தாங்கினால் போதும் என்று சங்கத்தில் இறங்கிவந்தார்கள். அவற்றை வைத்துக்கொண்டு கும்பப்பூவை ஓட்டினேன். பாதி வயல்தான் ஒத்துக்கொள்ள முடிந்தது. கதிர் வெளிவருகிற சமயத்தில் ஆறுமுகம் அண்ணாச்சியின் வயலில், கதிரையே கருக்கிவிடுகிற குலைநோய் தெரிந்தது. அன்றைக்கே மருந்து விழவேண்டும், விழுந்தது காயவும் வேண்டும். வேளிமலைக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

முதல் பேட்டரி பறந்து சூடாகக் கிடந்தது. இரண்டாவது பறந்துகொண்டிருந்தது. கால்வாய் ஓரத்து மூலை ஒன்று பாக்கி இருக்கும்போதே திரையில் சார்ஜ் முப்பது சதவீதம் காட்டியது. நான் டிரோனை இறக்கிவிட்டேன். “இன்னும் முப்பது கெடக்கே! ஓட்டு பிள்ளே!” என்று அண்ணாச்சி கத்தினார். அந்த முப்பதுதான் அதற்கு உயிர் அண்ணாச்சி, ஒட்டக் கறந்தால் மறுபடி எழுந்திருக்காது என்றேன். இரண்டில் ஒன்று போனாலும் சங்கத்தில் டிரோனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஒரு போகத்து நெல்லைப் பறிகொடுக்க நிற்கிறார், நான் என் பேட்டரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வானம் இன்னும் கறுத்தது. சரி, போனால் போகட்டும் என்று டிரோனை மறுபடி கிளப்பக் கையை வைத்தேன்.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நேரே மோட்டார் அறைக்குப் போய், தூசி படிந்த கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். முகத்தைத் துவர்த்தால் இறுக்கிக் கட்டினார். நான் அதற்குத் தக்கபடி மருந்து கலக்கி ஊற்றினேன். வரப்பிலிருந்து சேற்றில் இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: “அது ஆறட்டும் மக்கா. இது எழுவது வருசத்துப் பேட்டரி, இன்னும் வீங்கல்ல பாத்துக்க.”

அரை டம்ளர்

அவ்வளவு மிரட்டின மழை அன்றைக்கு வரவே இல்லை. அண்ணாச்சியின் நெல் தப்பியது, என் இரண்டு பேட்டரியும் அறுவடை பார்த்தன. சங்கக் கூட்டத்தில் இரண்டையும் சார்ஜ் ஏற்றிக் காட்டினேன். டிரோன் எங்களிடமே இருக்கட்டும், கிறிஸ்டலே ஓட்டட்டும் என்று முடிவானது. கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். வேலையில்லாத காலத்தில் பேட்டரியை யார் வீட்டில் வைப்பது என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். “எனக்க வீட்டுலதான்” என்று எழுந்து நின்றார் தங்கலீலா அக்கா. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நானும் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தபோது அக்காவின் முகம் கண்ணில் பட்டது. “சரி அக்கா” என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். அதற்குமேல் பொறுக்க முடியாமல் பார்க்கப் போனேன். இரண்டு பேட்டரியும் பாதியில் பத்திரமாக இருந்தன. சார்ஜரைப் பீரோவில் பூட்டிச் சாவியை அக்கா இடுப்பில் சொருகியிருந்தார். நிம்மதியாக உட்கார்ந்தேன். சாயா வந்தது. டம்ளரில் பாதிதான் இருந்தது. பால் குறைவாக்கும் என்று நினைத்துக் குடித்தேன். தட்டில் அச்சுமுறுக்கு வந்தது, அதுவும் பாதியாக ஒடித்து வைத்திருந்தது. எதிரே அக்காவின் கணவர் தன் அரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவே இல்லை: “நெறச்சா வீங்கும் மக்கா. இனி இந்த வீட்டுல எல்லாருக்கும் பாதிதான்.”

பேட்டரி எத்தனை காலம் உழைக்கும் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பட்டினி கிடந்து கெட்டதைவிட விருந்து சாப்பிட்டுக் கெட்டதுதான் அதிகம்.