ஆந்தையின் பகல் காவல்

தெருவில் அவருக்கு ஆந்தை என்று பெயர். ஆயுசு முழுக்க ஒரு சாமான் கிடங்கில் இரவுக் காவல் பார்த்தவர். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழித்ததும் குறட்டை விட்ட மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவர் காவலில் ஓர் ஆணிகூடக் களவு போனதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் உடம்பு பழைய பழக்கத்தை விடவில்லை. இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். காலைச் சாப்பாடு உள்ளே போனதும் கண் செருகிவிடும்.

கோழிகள் மனைவியுடையவை. காலையில் பின்கதவைத் திறந்துவிட்டால் பொழுது சாயும்வரை சுவரோரம், குப்பைமேடு, துணி துவைக்கிற கல் என்று அவை இஷ்டத்துக்கு மேயும். "அடைச்சு வெச்சா அது கோழியா? முட்டை போடுற மெஷின்" என்பாள். சமையலறையில் நின்றாலும் ஒரு காது கொல்லையில்தான் இருக்கும். தரையில் ஒரு நிழல் ஓடினால் போதும், கரண்டியோடு ஓடிவந்து சத்தம் போடுவாள். கோழிகள் விறகுக் குவியலுக்குள் பதுங்கிவிடும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் துணைக்குத் தங்கினாள். கிளம்பும்போது மனைவி சொன்னது ஒன்றுதான். "நான் திரும்பி வர்றப்ப எல்லாம் இருக்கணும். கிடங்கைப் பார்த்துக்கிட்ட மாதிரி பார்த்துக்குங்க."

"இதுகூடவா எனக்குச் சொல்லணும்?" என்றார் அவர். ஆனால் அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். கோழிகளில் ஒன்றும் குறையாமல் காப்பாற்றினால் அவளும் நல்லபடியாகத் திரும்பிவிடுவாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

முதலில் அவர் கண்ணில் பட்டவை காக்கைகள். தீவனத்தைத் தின்றன, ஏமாந்தால் முட்டையையும் தூக்கின. சுவர்மேல் உட்கார்ந்து அவை திருதிருவென்று விழித்த விழியே அவருக்குப் பிடிக்கவில்லை. தகர டப்பாவைத் தட்டினார், கல்லெறிந்தார், கடைசியில் நீளக் கழி எடுத்துச் சுவரோர மரத்தில் இருந்த கூட்டையே கலைத்தார். காக்கைகள் சில நாள் அவர் தலையைக் குறிவைத்துப் பாய்ந்தன. பிறகு இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன. "ஒரு திருட்டுப் பய இல்லாம பண்ணிட்டேன்" என்று மனைவிக்குப் போன் போட்டு மீசையை முறுக்கினார்.

அந்த வாரமே பருந்து வந்தது. நல்ல வெயிலில், நாற்காலியில் அவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. கோழிகளின் கூச்சலில் பதறி எழுந்தார். காற்றில் இறகுகள் சுற்றிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன ஆந்தையண்ணே, பட்டப்பகல்ல கொள்ளையா?" என்றவர், இவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டார். "காக்கா இருந்தவரைக்கும் பருந்து வந்தாலும் இறங்காதுண்ணே. கூட்டமா சேர்ந்து துரத்தி அடிச்சிடும். நீங்கதான் கூட்டைக் கலைச்சிட்டீங்களே."

இவர் காக்கை இல்லாத மரத்தை அண்ணாந்து பார்த்தார். சில்லறைத் திருடனை விரட்டுகிறேன் பேர்வழி என்று வானத்துக் காவலையே விரட்டிவிட்டார். அன்று முதல் தன் சாப்பாட்டில் பாதியைச் சுவர்மேல் வைத்துக் காத்திருந்தார். ஒரு காக்கையும் இறங்கவில்லை. அவர் முகத்தை அவை மறந்திருந்தால்தானே!

கோழிகளை அடைத்துப் பார்த்தார். பழக்கமில்லாத அவை ஒன்றையொன்று கொத்தி ரத்தக் களறி ஆக்கின. திறந்துவிட்டார். பழைய வலையைக் கட்டிப் பார்த்தார். கோழிகள் வலைக்கு வெளியே போய் மேய்ந்தன. தூக்கத்தை விரட்டப் பச்சை மிளகாயைக் கடித்தார், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார், நின்றுகொண்டே காவல் பார்த்தார். சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கியும் போனார். பாவி மனுஷன், அதற்குமேல் என்னதான் செய்வார்? ஒவ்வொன்றாகப் போயின.

"எல்லாம் இருக்கா?" என்று போனில் கேட்பாள்.

"இருக்கு, இருக்கு."

"மொட்டவால்?"

"அதுக்கென்ன, தின்னுட்டுக் கொழுத்துப்போய்த் திரியுது." வால் குட்டையான அந்தக் கோழி முந்தின நாள்தான் பருந்துக்குப் போயிருந்தது.

அவளை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். "வயித்தைத் திறந்து பார்த்துட்டு அப்படியே மூடிட்டாங்கப்பா" என்று மகள் வாசலிலேயே காதோடு சொல்லி அழுதாள். கொல்லையைப் பார்த்த ஜன்னல் ஓரம் கட்டிலைப் போட்டார்கள். மிச்சம் இருந்தது ஒல்லியான இளங்கோழி ஒன்று. அதைச் சமையலறையில் கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார்.

அவள் வெறும் கொல்லையைப் பார்த்தாள். இனி எதைச் சொல்லிப் பூசி மெழுகுவது? "தூங்கிட்டேன். எல்லாத்தையும் கோட்டை விட்டுட்டேன்" என்று சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"தெரியும். போன்ல உங்க குரலுக்குப் பின்னாடி ஒரு கோழிச் சத்தமும் இல்லையே" என்றாள். கூடைக்குள் கோழி பிறாண்டுவது கேட்டது. "அதைத் திறந்து விடுங்க."

"பருந்து வந்துரும்."

"உள்ளயே போட்டு மூடிக் காப்பாத்தி என்னங்க பண்ணப்போறோம்? கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறட்டும். நான் பார்க்கணும்."

திறந்துவிட்டார். கழியோடு நடுக்கொல்லையில் நின்றார். அன்று அவருக்குத் தூக்கம் வரவே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பருந்து வெயிலுக்குள்ளிருந்து இறங்குவதை முதலிலேயே பார்த்தார். கத்தினார், ஓடினார், கழியை வீசி எறிந்தார். கண்மூடித் திறப்பதற்குள் அது கோழியோடு சுவரைத் தாண்டிவிட்டது.

இத்தனை நாள் பழியை எல்லாம் தூக்கத்தின் மேல் போட்டிருந்தார். விழித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்ற அந்த ஒரு பிடியும் இப்போது போயிற்று.

"முழிச்சுத்தான் இருந்தேன்" என்றார் ஜன்னலைப் பார்த்து.

"பார்த்தேன்" என்றாள் அவள். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இனிமே ராத்திரி என் பக்கத்துல முழிச்சு உட்காராதீங்க. படுத்துத் தூங்குங்க."

எறிந்த கழியைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு, கழியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். காப்பதற்கு இனி அவள் ஒருத்திதான் இருந்தாள்.