ரெண்டு பாயிண்ட்

கல்லாறு தாண்டி, குன்னூர் மலை ஏறுகிற வளைவொன்றில் ஒரு பழைய கார் நின்றுபோய்ப் பின்னால் உருண்டுவிட்டதாம். லாரிக்காரர் ஒருவர் சொன்னதை மேட்டுப்பாளையத்தில் யாரோ கேட்டு, அவரிடமிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டுவரும் அஃப்தாப் கேட்டு, சிங்காநல்லூர் பட்டறையில் பிஸ்டன் ரிங் பெட்டியை இறக்கும்போது சொன்னான்.

"என்ன கலருங்க?" என்றார் ஆறுச்சாமி.

"கிரீம்னாங்க. வெள்ளைன்னும் சொன்னாங்க. நான் பாத்தனுங்களா?"

"உள்ள இருந்தவங்க?"

"தெரியலீங்ணா."

முப்பத்தொரு வருஷமாக எஞ்சின் ஹெட் வேலைதான் ஆறுச்சாமிக்கு. வால்வுத் தண்டு ஏறி இறங்கும் சின்னக் குழாயான கைடுக்குள் வால்வை நுழைத்துக் கட்டைவிரலால் அசைத்துப் பார்ப்பார். மயிரிழை ஆடினாலும் முகம் சுருங்கிவிடும். "ஆட்டங் குடுக்கற வால்வும் ஆட்டம் போடற ஆளும் எனக்கு ஆவாதுங்க" என்பார். பட்டறை வட்டாரத்தில் அவர் பெயரே 'டைட்டு'. சொந்த மகள்கூட அவரிடம் அளந்துதான் பேசுவாள்.

பெரியநாயக்கன்பாளையம் கிருபாசங்கரின் கார் அறுபத்தொன்றாம் வருஷ மாடல், கிரீம் கலர். நீலப்புகை கக்கிக்கொண்டு வந்தது. பழைய கைடுகள் வார்ப்பிரும்பு. சீக்கிரம் தேயாது என்று வெண்கலக் கைடு போடச் சொன்னவர் ஆறுச்சாமி. புகை போகும் எக்சாஸ்ட் வால்வுக்கு அந்தக் காலத்தில் சீல் கிடையாது. பொட்டு எண்ணெய்கூட இறங்கக்கூடாது என்று எட்டு வால்வுக்கும் ரப்பர் சீல் மாட்டினார்.

வால்வுக்கும் கைடுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி பற்றிக் கிருபாசங்கர் போனில் சொன்னது ஒரே வரி: "எக்சாஸ்டுக்கு ரெண்டு விடோணும்னு புக்குல போட்டிருக்குதுங்க."

"ரெண்டு தானுங்களே? விட்டுப்போட்டாப் போச்சு."

அந்தப் பட்டறையில் ரெண்டு என்றால் ரெண்டு பாயிண்ட். ஒரு மில்லிமீட்டரை நூறாக்கி அதில் இரண்டு.

ஐந்நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, நேற்று கிருபாசங்கர் கூப்பிட்டார். "பட்டாட்டம் வழுவழுன்னு ஓடுதுங்ணா. நாளைக்கு ஊட்டுக்காரியையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டுக் குன்னூர் போறனுங்க."

"தைரியமாப் போங்க கண்ணு. வால்வுக்கு நான் கேரண்டி."

அஃப்தாப் போனதும் ஆறுச்சாமி மேசை டிராயரை இழுத்தார். சாவியோடு வந்த சீட்டு மடித்தபடியே கிடந்தது. புத்தகத்தைப் பார்த்துக் கிருபாசங்கர் எழுதியது: எக்சாஸ்ட், 0.002 இன்ச்.

லேத்திலிருந்து எட்டிப் பார்த்த பங்காரு, "இது தவ்வுங்களே" என்றார். தவ் என்றால் அங்குலத்தை ஆயிரமாக்கியதில் ஒன்று. இரண்டு தவ் ஐந்து பாயிண்ட். விட்டது அதில் பாதிகூட இல்லை. ஏற்றத்தில் வால்வு சூடேறிப் பருக்கும். சீல் எண்ணெயை விடாது. வெண்கலம் அப்படியே கவ்விக்கொள்ளும். எஞ்சின் நின்றுவிடும்.

"ஏனுங்க பங்காரு, அன்னிக்கே இதப் பாத்திருக்கலாமுல்ல?"

"நீங்க ரெண்டுன்னீங்க. டைட்டு சொன்னதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கறது?"

ஆறுச்சாமி கையைத் துடைக்காமலே போனை எடுத்தார். முதல் தடவை மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மலையில் டவர் இருக்காது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். டவர் இல்லாவிட்டால் மணியே போகாதே.

பங்காரு லேத்தை நிறுத்தினார்.

"எடுத்தாங்களா?"

எங்கேயோ அந்தப் போன் அடித்துக்கொண்டுதான் இருந்தது.