பிள்ளை பிடிக்கப் போன மே மாதம்

புதிதாக அச்சடித்த நோட்டீசின் மை மணம் மூக்கில் ஏறினால் போதும், குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் மே மாத வெயில் நெற்றியில் சுள்ளென்று அடிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நான் இயற்பியல் ஆசிரியை. விடுமுறையில் கல்லூரி நோட்டீசோடு வீடு வீடாகப் போய் மாணவர்களைச் சேர்த்துவர வேண்டும். எங்களுக்குள் அதற்குப் 'பிள்ளை பிடிக்கப் போவது' என்று பெயர். அந்த ஆண்டு ஆள் சேராவிட்டால் இயற்பியல் துறையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. துறை என்றால் வேறென்ன, என் வேலைதான்.

வணிகவியல் தோழியின் ஸ்கூட்டரில் போனோம். ஒரு வீட்டு வாசலில், நிர்வாகம் சொல்லிக்கொடுத்தபடியே, "டாக்டர் வந்திருக்காங்க" என்று அவள் என்னை அறிமுகம் செய்தாள். மீன் விற்றுவிட்டு வந்து, மீன் சுமக்கும் சருவத்தைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா அவசரமாக நாற்காலி எடுத்துப் போட்டார். பிறகு எனக்கெதிரே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கால் முட்டப் பாருங்க டாக்டரம்மா. நடந்து நடந்து நீரு வச்சுப்போச்சு."

"ஐயோ, நான் பிஎச்.டி. படிச்சு வாங்குன டாக்டரும்மா. காலேஜ் டீச்சர்."

"மருந்து தரமாட்டியளா? பின்ன எதுக்கு டாக்டருன்னு பேரு?"

உள்ளே மகளின் சிரிப்புச் சத்தம். "ஏட்டி, என்ன இளிப்பு? டீச்சருக்குத் தண்ணி கொண்டா!"

பிளஸ் டூ முடித்தவள். தண்ணீரோடு ஒரு கேள்வியும் கொண்டுவந்தாள். "மிஸ், ஆரல்வாய்மொழிக் காத்தாடி இவ்வளவு மெல்லச் சுத்துதே, அதுல எப்படிக் கரண்டு வருது?"

வந்த வேலை மறந்துபோனது. வாசல் மணலில் ஒரு பெரிய பல்சக்கரமும் அதைத் தொட்டபடி ஒரு சின்னச் சக்கரமும் வரைந்தேன். பெரியது ஒரு சுற்று முடிப்பதற்குள் சின்னது பல சுற்று ஓடிவிடும் என்றேன். "அப்போ உள்ள வேகமாத்தான் ஓடுதா!" என்று அவள் கண் விரிந்தது. எத்தனையோ வகுப்புகளில் நான் தேடிச் சலித்த முகம் அது. இயற்பியல்தான் படிப்பேன் என்றாள். சேர்க்கைப் படிவத்தை எடுக்கத் தோழி சட்டென்று பையைத் திறந்தாள்.

அம்மா கைகாட்டி நிறுத்தினார். "டீச்சரே, எனக்க பிள்ளைக்கு அப்பன் இல்ல. நீங்களே சொல்லுங்க, இவள எங்க சேத்தா நல்லது?"

அவள் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தோழி என் காலை மிதித்தாள். மூடப்போகும் துறைக்குள் ஒரு பிள்ளையைக் கூட்டிப்போய் என் நாற்காலிக்கு முட்டுக்கொடுப்பதா? 

"அரசுக் கல்லூரிக்குப் போடுங்கம்மா. விண்ணப்பம் போடுறது இந்த வாரத்தோட முடியுது" என்று சொல்லி, என் கைபேசியிலேயே விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுத்தேன்.

"நீ பிள்ளை பிடிக்க வந்தியா, விட வந்தியா?" என்று தோழி காதோரம் பல்லைக் கடித்தாள்.

அந்த ஆண்டோடு எங்கள் துறை மூடப்பட்டது. இப்போது ஒரு பள்ளியில் இருக்கிறேன். அரசுக் கல்லூரி வேலைக்கு அறிவிப்பு வருமா வருமா என்று காத்திருப்பதிலேயே தலை நரைக்கிறது. ஆனாலும் நான் முழு ஆசிரியையாக இருந்த இடம் எது என்று கேட்டால், அந்த மணல் வாசலைத்தான் மனம் காட்டுகிறது.

அன்று புறப்படும்போது அந்தப் பெண் ஸ்கூட்டர் வரைக்கும் வந்தாள்.

"அந்தக் காலேஜுக்கு நீங்களும் பாடம் எடுக்க வருவியளா மிஸ்?"

"வரணும் மக்கா."