புளி போட்டுக் கழுவிய போர்டுகள்

கரவெட்டியில் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்குள் பத்தொன்பது சேர்க்கிட் போர்டுகள் இருந்தன. எல்லாம் வீடியோ கேம் மெஷின்களின் வயிற்றிலிருந்து கழற்றியவை. அவற்றில் ஒன்றுகூட என்னுடையதல்ல. என்னுடையதாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

யாழ்ப்பாண நகரில் ஒரு வீடியோ கேம் கடையில் ஐந்து வருஷம் மெஷின் திருத்துகிற வேலை செய்தேன். முதலாளியை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் நின்றது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அண்ணை குடும்பத்தோடு கொழும்புக்குப் போகத் தீர்மானித்தார். மெஷின்களின் பலகை பங்கர் மூடப் போனது. கண்ணாடி யாரோ வீட்டு ஜன்னலுக்குப் போனது. மிஞ்சியது போர்டுகளும், ஒரேயொரு மொனிற்றரும், அதற்கான பவர் சப்ளையும்.

"பெட்டி போனாப் போகட்டும் தம்பி. விளையாட்டு முழுக்க உதுக்குள்ளைதான் கிடக்கு. நான் வருமட்டும் வைச்சிரு" என்றார் அண்ணை. எழுதி வாங்கவில்லை, எண்ணிக்கூடத் தரவில்லை. ஒரு மனிதர் எண்ணாமல் தந்துவிட்டால் தந்ததை நாமே தினமும் எண்ண வேண்டியிருக்கிறது.

பத்திரப்படுத்துவதில் நான் எவருடைய சொல்லையும் கேட்பவனல்ல. "குசினியிலை அடுப்புக்கு மேலை, விதை வெங்காயத்தோடை கட்டித் தூக்கு. புகை பட்டால் ஒரு பூச்சி அண்டாது" என்றா அக்கா. எனக்கு மூன்று வயது மூத்தவர், வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஒரே ஆளாக இருந்து ஒரு மந்திரி சபை மாதிரி முடிவெடுப்பவர். வெங்காயத்தையும் இதையும் ஒன்றாக நினைக்கிறாவே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஒவ்வொரு போர்டையும் பழைய பேப்பரில் சுற்றினேன். றங்குப்பெட்டிக்குள் நிமிர்த்தி அடுக்கினேன். மூலைகளில் ஈரம் இழுக்கச் சிரட்டைக் கரியைத் துணியில் முடிந்து வைத்தேன். பெட்டியை மர வாங்கின் மேல் ஏற்றி, கறையான் ஏறாமல் வாங்கின் நான்கு கால்களையும் கழிவு ஒயில் ஊற்றிய சிரட்டைகளுக்குள் நிறுத்தினேன். பிறகு வீட்டாருக்குச் சட்டம் போட்டேன்: ஒருவரும் திறக்கக்கூடாது, தொடக்கூடாது, அந்தப் பக்கம் தண்ணீர் தெளித்துக் கூட்டக்கூடாது. அக்கா உதட்டைச் சுழித்துவிட்டுப் போனா.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கும் நடுவில் ஒரு பிழை விட்டேன். ஏழு போர்டுகளில், மெஷினை நிறுத்தினாலும் விளையாடியவர்கள் எடுத்த ஆகக்கூடிய புள்ளிகள் அழியாமல் இருப்பதற்காக, விரல் நுனியளவு பற்றரி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. கனநாள் வைக்கிற போர்டில் பற்றரியை விடக்கூடாது, ஒழுகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் பற்றரி, எங்கள் பக்கம் வரக்கூடாதென்று அரசாங்கம் தடுத்திருந்த சாமான். செத்துப்போன ரோச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து ரேடியோவில் பத்து நிமிடம் செய்தி கேட்டோம். அப்படி இருக்கையில் ஏழு பற்றரிகளை வெட்டி எறிய யாருக்குக் கை வரும்? எனக்கு வரவில்லை. அவை பொருந்துவதற்கு வேறு எதுவும் என்னிடம் இல்லை என்பதையும் அப்போது யோசிக்கவில்லை.

மூன்று மாரிகாலம் போனது. ஈரக்காற்றுப் புகுந்துவிடும் என்று நான் பெட்டியைத் திறக்கவேயில்லை. மார்கழி முடிகிற நேரம், கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் அண்ணை கடிதம் கொடுத்துவிட்டிருந்தார். தரைப் பாதை மூடியிருப்பதால் பொங்கல் கழித்துக் கிளாலிக் கடலால் படகில் வருவதாகவும், போர்டுகளைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதே ஆளிடம் நான் பதில் எழுதிக் கொடுத்தேன்: "ஒரு தூசி படாமல் இருக்கு அண்ணை." திறந்து பார்க்காமலே எழுதினேன். அவ்வளவு திமிர்.

பொங்கலுக்கு முதல் நாள் விடிய, சாவகச்சேரிச் சந்தைக்குச் சைக்கிளில் போனேன். திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. முற்றத்தில் பாய் விரித்திருந்தது. ஒரு பக்கம் மோர்மிளகாய் காய்ந்தது. மறுபக்கம் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாம் பளபளவென்று கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், வரிசையாக, ஈரம் சொட்டச் சொட்ட என் ஏழு போர்டுகள்.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"என்ன செய்து வைச்சிருக்கிறாய்?" என்று கத்தினேன். வழக்கமாக அக்காவை நீங்கள் என்று சொல்கிற வாய், கோபத்தில் மரியாதையை விட்டுவிட்டது.

"பெட்டியைத் துடைக்கத் திறந்தனான். பாதி பச்சைக் களிம்பு பிடிச்சுக் கிடக்குது. நாளைக்குப் பொங்கல். செம்பிலை களிம்பைக் கண்டிட்டுச் சும்மா மூடி வைக்கிறதே? புளி போட்டுத் தும்பாலை தேய்ச்சுக் கழுவினனான்."

"அதென்ன செம்போ? கறிச்சட்டியோ?"

"செம்புதானே ஓடுது, கோடு கோடா. எனக்குக் கண் தெரியாதே? அதிலை ஒட்டியிருந்த சின்ன உருளை ஒண்டு உக்கிப்போய்க் கையோடை கழண்டு விழுந்திட்டுது. அதுதான் ஊத்தை எல்லாம் விட்டது எண்டு மற்ற ஆறையும் புடுங்கி எறிஞ்சிட்டன். ஊறின கடதாசித் துண்டுகளையும் உரிச்சுப்போட்டன்."

கடதாசித் துண்டுகள் என்றதும் போர்டுகளைத் திரும்பிப் பார்த்தேன். விளையாட்டு எழுதப்பட்டிருக்கிற சிப்புகளின் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதை மூடித்தான் கடதாசி ஒட்டுவார்கள். அந்த ஜன்னலுக்குள் வெயில் விழுந்தால் உள்ளே எழுதியது கொஞ்சம் கொஞ்சமாக அழியும். என் ஏழு போர்டுகளும் ஜன்னலைத் திறந்துகொண்டு மத்தியான வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தன.

பாயோடு சேர்த்து இழுத்து நிழலில் போட்டேன். மோர்மிளகாய் சிதறியது. சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். "இஞ்சை ஒரு மனிசன் என்னை நம்பித் தந்த சாமான். நான் அவரின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? உனக்கென்ன தெரியும்?" என்றேன். அக்கா சிதறிய மிளகாயைக் குந்தியிருந்து பொறுக்கினா. பொங்கலன்று ஒரே பானைப் பொங்கலை ஆளுக்கொரு மூலையில் இருந்து சாப்பிட்டோம்.

அடுத்த நாள் கோபம் ஆறியபோது ஒரு போர்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பற்றரி ஒழுகிய இடத்தைச் சுற்றிச் செம்புக் கோடுகள் இதற்குள் அரித்து அறுந்தே போயிருக்க வேண்டும். ஆனால் இரண்டொரு இடத்தில் மெலிந்திருந்தனவே தவிர அறுந்திருக்கவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது மண்டைக்குள் ஏறியது. இந்தப் பற்றரியிலிருந்து ஒழுகுவது காரம். காரத்தை முறிப்பது புளிப்பு. நானே திறந்து பார்த்திருந்தால் துணியால் துடைத்துவிட்டு அரிப்பை அப்படியே விட்டிருப்பேன். அக்கா செய்ததுதான் சரியான வைத்தியம். இதை அவவிடம் சொல்ல வாய் வரவில்லை. சிப்புகளில் எழுதியதை வெயில் விழுங்கியதா இல்லையா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? அதைத் தெரிந்துகொள்ள மின்சாரம் வேண்டும். குடாநாடு முழுக்க இல்லாத சாமான் அது.

நெல்லியடியில் ஒருவர் கல்யாண வீடுகளுக்கு ஜெனரேற்றரும் ரீவியும் வாடகைக்கு விடுவார். மொனிற்றரையும் பவர் சப்ளையையும் சைக்கிள் கரியரில் தலையணை வைத்துக் கட்டி, ஏழு போர்டுகளையும் பனையோலை உமலில் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "மண்ணெண்ணெயிலை ஓடுறது தம்பி, கரண்ட் ஏறி இறங்கும். பிறகு என்னிலை பழி போடாதை" என்றார். மீற்றரைப் பிடித்துக்கொண்டு அது ஒரு நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தேன்.

முதல் போர்டைக் கொழுவினேன். திரை கறுப்பு. ஒன்றுமில்லை. அண்ணையின் முகம் கண்ணுக்குள் வந்தது. வயரைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தினேன். மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. திரை முழுக்கக் கோடுகள் ஓடின. கோடுகள் நின்றன. சின்ன விமானம் ஒன்று கீழேயிருந்து மேலே பறந்தது.

"அட, ஓடுது!" என்றார் ஜெனரேற்றர்க்காரர். நான் அடுத்ததை எடுத்துக் கொழுவினேன். இரண்டாவது ஓடியது. மூன்றாவது ஓடியது. வயர்களை மாற்றி மாற்றிக் கொடுத்து ஏழையும் பார்த்தேன். ஏழாவதில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அதற்குக் கடையில் இருந்த காலத்திலேயே சத்தம் கிடையாது. ஒரு மத்தியான வெயிலில் அழிகிற எழுத்தல்ல அது என்று நானாகவே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். புள்ளிகள் மட்டும் எல்லாவற்றிலும் பூச்சியமாகியிருந்தன. அவற்றைக் காப்பாற்றத்தான் அந்தப் பற்றரிகள்!

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்றேன். "அக்கா, ஏழும் ஓடுது. நீங்கள் கழுவினபடியால்தான் தப்பினது" என்றேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவ நிமிரவில்லை. "அப்ப அண்டைக்குக் கத்தினது?"

"பிழைதான். என்ரை பிழை. பற்றரியை நான் முதலே வெட்டியிருக்க வேணும்."

"போய் முகத்தைக் கழுவு. சோறு போடுறன்" என்றா.

அண்ணை சொன்னபடி வந்தார். மெலிந்திருந்தார். போர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கழுவிய ஏழும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிந்தன. "இதென்ன, புதுசு மாதிரி?" என்று கேட்டார். நான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் ஒரு தூசி படவில்லை என்று கடிதத்தில் எழுதிய பொய் ஒன்றே போதும். பற்றரியிலிருந்து மோர்மிளகாய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கொழும்புக்கு உதுகளைக் கொண்டுபோக ஏலாது தம்பி. வழியிலை ஆமிச் சோதனையிலை கண்டாங்கள் எண்டால், குண்டுச் சாமான் எண்டு என்னையும் உதோடை சேர்த்துக் கட்டிப்போடுவாங்கள். இஞ்சையே இருக்கட்டும்" என்றார். பிறகு தேத்தண்ணியோடு வந்த அக்காவைப் பார்த்தார். "உங்கடை பொறுப்பிலை, தங்கச்சி."

"வைச்சிருக்கிறன்" என்றா அக்கா. "ஆனால் வருஷத்திலை ஒருக்கா நான் திறந்துதான் பாப்பன். உவன் கத்தக்கூடாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வருஷம் தனியாகப் பயந்து பயந்து காத்ததை ஒருவர் வாங்கிக்கொண்டது பெரிய ஆறுதலாக இருந்தது. கத்தமாட்டேன் என்று அண்ணைக்கு முன்னாலேயே சொன்னேன்.